இலவசமும் விலையும்: நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளின் வரலாற்றில் வணிக நிறுவனங்களின் தெரிவு

ஒரு வணிகர் தமது கடைக்குப் பூட்டு வாங்கும்போது விலையையும் உறுதியையும் ஒருங்கே ஒப்பிட்டுத் தெரிவு செய்கின்றார். விலை கூடிய பூட்டு வலிமையும் கூடியது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் எண்ணமாகும். ஆயின், கணனிகளைத் தாக்கும் நச்சுநிரல்களிலிருந்து நிறுவனமொன்றின் கணக்குகளையும் கடிதங்களையும் காப்பதற்கென எழுந்த மென்பொருள்களைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணம் அவ்வாறே பொருந்துவதில்லை. ஒரே கம்பனி, ஒரே ஆய்வுகூடம், நச்சுநிரலைக் கண்டறியும் ஒரே பொறிமுறை. எனினும் வீட்டிலிருப்பவருக்கு அது இலவசமாகவும், கடை வைத்திருப்பவருக்கு விலைக்குரியதாகவும் வழங்கப்படும் நிலை பல ஆண்டுகளாக நிலவி வந்துள்ளது. இந்நிலை எவ்வாறு தோன்றிற்று? விலை கொடுப்பவர் உண்மையில் எதனை வாங்குகின்றார்? கொடாதவர் எதனை இழக்கின்றார்? இவ்வினாக்களுக்கு விளம்பரங்களைக் காட்டிலும் வரலாறே தெளிவான விடை தருவதாக உள்ளது. அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்களை நோக்கி, அவற்றினின்றும் வணிக நிறுவனங்களின் தெரிவுக்குப் பயன்படத்தக்க அடிப்படைகளை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் கோட்பாடும்

தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் பொறி பற்றிய சிந்தனையைக் கணிதவியலாளராகிய ஜோன் வொன் நொய்மன் 1949ஆம் ஆண்டிலேயே இலினோய் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய விரிவுரைகளில் வெளியிட்டிருந்தார். அச்சிந்தனை செயல்வடிவம் பெறுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1971இல் ஐக்கிய அமெரிக்காவில் பொப் தோமஸ் என்பார் ஆர்ப்பாநெற் வலையமைப்பில் ஒரு கணனியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே நகரும் ‘கிறீப்பர்’ என்னும் நிரலை ஆக்கினார். அதனைத் தேடி அழிப்பதற்கென ரே ரொம்லின்சன் ‘றீப்பர்’ என்னும் மற்றொரு நிரலை எழுதினார். மின்னஞ்சல் முகவரியில் இன்று வழங்கும் குறியீட்டைத் தெரிந்தெடுத்தவரும் இவரே. நோயும் மருந்தும் ஏறக்குறைய உடன்பிறந்தவையாகத் தோன்றினமையும், அம்முதல் மருந்து விலைக்கு விற்கப்படாமையும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கன.

1983இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவராயிருந்த பிறெட் கோகென் இத்தகைய நிரல்களைப் பரிசோதனை முறையில் ஆராய்ந்தார். உயிரியலினின்றும் ‘வைரஸ்’ என்னும் சொல்லை இதற்குப் பொருத்தியவர் அவருடைய ஆசிரியர் லெனாட் ஏடில்மன் ஆவார். 1984இல் கோகென் வாசித்த கட்டுரையின் முடிபொன்று இத்துறையின் வரலாறு முழுவதற்கும் அடிப்படையானது. எல்லா நச்சுநிரல்களையும் ஒருபோதும் தவறாது கண்டறியும் நிரலை ஆக்குதல் இயலாது என்பதே அம்முடிபு. அதற்கான நியாயம் எளிமையானது. அத்தகைய பிழையற்ற சோதனை நிரல் ஒன்று உண்டெனக் கொள்வோமாயின், அச்சோதனையைத் தன்னுள்ளே அழைத்து, ‘நீ நச்சுநிரல்’ என்று அது கூறினால் பரவாதிருந்தும், ‘நீ நச்சுநிரல் அன்று’ என்று கூறினால் பரவியும் நடக்கும் வேறொரு நிரலை எழுதிவிடலாம். எவ்விடை கூறினும் சோதனை பொய்த்துவிடும்.

இம்முடிபு இலவச மென்பொருளுக்கும் விலைக்குரிய மென்பொருளுக்கும் ஒருங்கே பொருந்துவதாகும். எவ்வளவு பணம் கொடுப்பினும் முழுமையான பாதுகாப்பை வாங்கிவிட முடியாது. விற்பனையாளர் எவரேனும் நூற்றுக்கு நூறு காப்பு என உறுதி கூறுவாராயின், அவர் கணிதத்துக்கு முரணான ஒன்றையே விற்கின்றார் எனலாம்.

பகிர்வு மென்பொருளும் வணிக உரிமமும்

1986இல் பாகிஸ்தானின் லாகூர் நகரிலிருந்து ‘பிறெயின்’ என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவிற்று. ஐ.பி.எம். வகைச் சொந்தக் கணனிகளைத் தொற்றிய முதல் நச்சுநிரலாக இது கருதப்படுகின்றது. கணனி வணிகம் நடத்திய பாசித் பாறூக் அல்வி, அம்ஜத் பாறூக் அல்வி என்னும் சகோதரர் இதனை ஆக்கினர். நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் தங்கி, வட்டு கைமாறுந்தோறும் பரவிய இந்நிரலுள் அவர்தம் பெயரும் முகவரியும் எழுதப்பட்டிருந்தன. தம் மென்பொருளைப் பிறர் அனுமதியின்றிப் படியெடுத்தலைத் தடுப்பதே தமது நோக்கமென அவர்கள் பின்னர் கூறினர். விலை கொடாது படியெடுத்தல் பற்றிய பிணக்கொன்றே இத்துறையின் தொடக்கத்தில் நிற்கின்றமை குறிப்பிடத்தக்கது.

அடுத்த ஆண்டாகிய 1987இல் மருந்து ஆக்குவோர் பல நாடுகளிலும் ஏறத்தாழ ஒரே வேளையில் தோன்றினர். ஜேர்மனியில் பேர்ண்ட் பிக்ஸ் என்பார் ‘வியன்னா’ நச்சுநிரலை நீக்கும் நிரலை எழுதினார். செக்கோசிலோவாக்கியாவில் பீற்றர் பாஷ்கோ, மிறோசிலாவ் திறுங்கா ஆகிய இருவரும் ‘நொட்’ என்னும் நிரலை ஆக்கினர். 1988இல் பிறாக் நகரில் பாவெல் பௌடிஷ், எடுவர்ட் குச்சேரா ஆகியோர் பிற்காலத்தில் ‘அவாஸ்ற்’ எனப் பெயர் பெற்ற உற்பத்திக்கு வித்திட்ட கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கினர். பிரித்தானியாவில் அலன் சொலமன், ஐஸ்லாந்தில் பிறிட்றிக் ஸ்கூலசன் ஆகியோரும் இக்காலத்தவரே.

வணிக நோக்கில் இவர்களுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றவர் ஐக்கிய அமெரிக்காவின் ஜோன் மக்கபி ஆவார். 1987இல் நிறுவனம் அமைத்த அவர், தமது ‘வைரஸ்ஸ்கான்’ மென்பொருளைப் பெட்டியில் அடைத்துக் கடைகளில் விற்க முற்படவில்லை. தொலைபேசி இணைப்பின் வழி எவரும் பெறத்தக்க மின்னறிவித்தற் பலகைகளில் அதனை இட்டார். தனியாட்கள் அதனைத் தடையின்றிப் பெற்றுப் பயன்படுத்தினர். நிறுவனங்களோ உரிமக் கட்டணம் செலுத்துமாறு கேட்கப்பட்டன. ஊழியர்கள் வீட்டிற் பழகிய மென்பொருளையே அலுவலகத்திலும் கேட்டமையால் பெருங் கம்பனிகள் உரிமம் பெற்றுக்கொண்டன. ஸ்கூலசனின் ‘எவ்-புரொட்’ மென்பொருளும் சொந்தக் கணனியில் வணிக நோக்கமின்றிப் பயன்படுத்துவோருக்கு இலவசமாகவும், ஏனையோருக்குக் கட்டணத்துக்கும் வழங்கப்பட்டது.

இங்குதான் இலவசத்துக்கும் விலைக்கும் இடையிலான எல்லைக்கோடு முதன்முதலில் இடப்பட்டது. அக்கோடு வலிய மென்பொருளையும் மெலிய மென்பொருளையும் பிரித்த கோடன்று. வீட்டையும் வணிகத்தையும் பிரித்த கோடே அது. வணிகர் செலுத்திய பணம் முதலில் பயன்பாட்டு உரிமைக்கான விலையாகவே இருந்தது. இவ்வுண்மையை உணராத சிறு நிறுவனங்கள் ‘இலவசம்’ என்னும் சொல்லை மட்டும் நோக்கி, வீட்டுப் பாவனைக்கென அனுமதிக்கப்பட்ட மென்பொருளை அலுவலகத்தில் நிறுவி, அறியாமலேயே உரிம ஒப்பந்தத்தை மீறும் நிலை அன்று தொட்டு இருந்து வருகின்றது.

அச்சமும் சந்தையும்

1988 நவம்பர் 2ஆந் தேதி கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் றொபேட் மொறிஸ் விடுவித்த ‘புழு’, அக்கால இணையத்தில் இணைந்திருந்த கணனிகளுள் ஏறத்தாழ 6,000ஐ முடக்கியதென மதிப்பிடப்பட்டது. இதன் விளைவாகக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணனி அவசர நிலைகளுக்கான முதல் இணைப்பு நிலையம் உருவாயிற்று. 1989 டிசம்பரில், எயிட்ஸ் நோய் பற்றிய தகவல் எனக் கூறும் நெகிழ்வட்டுகள் பல நாட்டவருக்கும் அஞ்சலில் அனுப்பப்பட்டன. அவற்றிலிருந்த நிரல் கோப்புகளின் பெயர்களை மறைத்துவிட்டு, 189 டொலரைப் பனாமாவிலுள்ள அஞ்சற்பெட்டிக்கு அனுப்புமாறு கோரிற்று. பிற்காலத்தில் வணிகங்களைப் பெரிதும் வருத்தவிருந்த கப்பம் கோரும் மென்பொருளின் முன்னோடி இதுவேயாகும்.

இச்சூழலில் 1992ஆம் ஆண்டின் ‘மைக்கலாஞ்சலோ’ நிகழ்வு இடம்பெற்றது. அவ்வோவியரின் பிறந்த நாளாகிய மார்ச் 6ஆந் தேதி வன்தட்டின் தொடக்கப் பகுதிகளை அழிக்குமாறு அமைக்கப்பட்ட இந்நச்சுநிரல் ஐம்பது இலட்சம் கணனிகள் வரை பாதிக்கக்கூடுமென மக்கபி கூறியதாகச் செய்தித்தாள்கள் பரப்பின. அந்நாள் வந்தபோது பாதிக்கப்பட்டனவாக அறியப்பட்டவை இருபதாயிரத்துக்கு மேற்படவில்லை. எச்சரிக்கையாலேயே கேடு குறைந்தது என ஒரு சாராரும், அச்சமே விற்கப்பட்டது என மறு சாராரும் வாதிட்டனர். எவ்வாறாயினும், அச்சத்தின் விளைவாக நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளின் விற்பனை பெருகியமையும், அதே ஆண்டு ஒக்டோபரில் மக்கபியின் நிறுவனம் பங்குச் சந்தையில் நுழைந்தமையும் வரலாறாகும். பாதுகாப்பை வாங்கும் வணிகர் தேவையை வாங்குகின்றாரா, அச்சத்தை வாங்குகின்றாரா எனத் தம்மைத்தாமே வினவிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

1993 மார்ச்சில் மைக்ரோசொப்ற் நிறுவனம் தனது எம்.எஸ்.-டொஸ் 6 பணிசெயல் முறைமையுடன் நச்சுநிரல் எதிர்ப்பு நிரலொன்றையும் சேர்த்து வழங்கிற்று. அது சென்றல் பொயின்ற் கம்பனியின் உற்பத்தியைத் தழுவியது. பணிசெயல் முறைமையை வாங்கியவருக்கு இது மேலதிகச் செலவின்றிக் கிடைத்தது. ஆயினும் புதிய நச்சுநிரல்களின் அடையாளங்கள் அதற்குத் தாமாக வந்து சேரவில்லை; நாளடைவில் பழைய நோய்களை மட்டும் அறிந்த மருத்துவர் போன்று அது பயனிழந்தது. 1995இல் வந்த விண்டோஸ் 95 நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் எதுவுமின்றியே வெளியாயிற்று. இத்துறையில் விற்கப்படுவது ஒரு முறை வாங்கி வைக்கும் பண்டமன்று, நாள்தோறும் தொடரவேண்டிய பணியே என்பதை இந்நிகழ்வு உணர்த்திற்று. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சந்தா முறை வணிகத்தில் நிலைபெற்றமைக்கு அடிப்படைக் காரணமும் இதுவேயாகும்.

இலவசத்தின் மூவகை

1999 மார்ச்சில் ‘மெலிசா’, 2000 மே 4ஆந் தேதி பிலிப்பைன்ஸிலிருந்து பரவிய ‘ஐ லவ் யூ’ என்பன மின்னஞ்சலின் வழியே உலகளாவிய அலுவலகங்களை நிலைகுலையச் செய்தன. நெகிழ்வட்டு கைமாறும் வேகத்தில் பரவியவை, இப்போது மணித்தியாலங்களில் கண்டங்களைக் கடந்தன. 2003 ஜனவரி 25ஆந் தேதி ‘சிலாமர்’ என்னும் புழு தான் தாக்கத்தக்க கணனிகளுட் பெரும்பாலானவற்றைப் பத்து நிமிடங்களுக்குள் பற்றிக்கொண்டது. இக்காலப் பகுதியில் இணைய இணைப்புப் பரவியமையால் மென்பொருளை விநியோகிக்கும் செலவு மிகக் குறைந்தது. அதனால் இலவச வழங்கல் மூன்று வேறுபட்ட வடிவங்களில் வளர்ச்சியுற்றது. இவற்றை ஒன்றெனக் கொள்வதே பல தவறான தெரிவுகளுக்குக் காரணமாகும்.

முதலாவது, வணிகக் கம்பனிகள் வீட்டுப் பாவனையாளருக்கு மட்டும் அளித்த இலவசம். செக் நாட்டின் ஏ.வி.ஜி., அவாஸ்ற், ஜேர்மனியின் அவிரா என்பன இவ்வகையின. இலவசமாகப் பயன்படுத்தும் கோடிக்கணக்கான வீட்டுக் கணனிகள் புதிய நச்சுநிரல்களை முதலில் எதிர்கொண்டு அறிவிக்கும் காவலரண்களாக உதவின. அவ்வறிவின் பயனையே கம்பனிகள் நிறுவனங்களுக்கு விற்றன. வீட்டுப் பாவனையாளர் விலை கொடாராயினும் விலைமதிப்புள்ள ஒன்றைக் கொடுத்தே வந்தனர்.

இரண்டாவது, திறந்த மூல மென்பொருள். போலந்து நாட்டின் தோமாஸ் கோஜ்ம் தொடங்கிய ‘கிளாம் ஏ.வி.’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இதன் உரிமம் வீடு, வணிகம் என்னும் வேறுபாட்டைப் பாராட்டுவதில்லை. பெரும்பாலும் மின்னஞ்சற் சேவையகங்களில் கடிதங்களைச் சோதிப்பதற்கு இது பயன்படலாயிற்று. ஆயின், நிறுவுதலும் பேணுதலும் அறிந்த ஆள் ஒருவர் நிறுவனத்திலிருத்தல் இதற்கு வேண்டும். பழைய பதிப்புகளுக்கான ஆதரவு நிறுத்தப்படுமென 2009 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டது; 2010 ஏப்ரிலில் அப்பதிப்புகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. அறிவித்தலைக் கவனியாதிருந்த நிறுவனங்களின் மின்னஞ்சற் சேவையகங்கள் ஒரே நாளில் இடருற்றன. ஆக்கியோர் முன்னறிவித்தல் தந்தே இருந்தனர். அதனைப் படிக்கும் பொறுப்பு எவர் தலையிலும் சுமத்தப்படாமையே அங்கு நேர்ந்த குறையாகும்.

மூன்றாவது, பணிசெயல் முறைமையுடன் சேர்ந்து வரும் இலவசம். மைக்ரோசொப்ற் நிறுவனம் 2003இல் ருமேனியக் கம்பனியொன்றின் தொழில்நுட்பத்தை வாங்கி, 2006இல் ‘வன்கெயார்’ என்னும் சேவையை ஆண்டுக்கு 49.95 டொலருக்கு விற்கத் தொடங்கிற்று. அது வெற்றி பெறவில்லை. அதனைக் கைவிட்டு, 2009 செப்ரெம்பரில் ‘செக்கியூரிற்றி எசென்ஷல்ஸ்’ என்னும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. 2010 ஒக்டோபரில் பத்துக் கணனிகள் வரை வைத்திருக்கும் சிறு வணிக நிறுவனங்களும் அதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாமென அனுமதிக்கப்பட்டது. இத்துறையின் வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை எனலாம். வீட்டுக்கும் வணிகத்துக்குமிடையே இருபது ஆண்டுகளுக்கு மேலாக நின்ற கோடு, முதன்முறையாகச் சிறு வணிகருக்கும் பெரு வணிகருக்கும் இடையே நகர்த்தப்பட்டது. 2012இல் விண்டோஸ் 8 வெளியானபோது ‘டிபென்டர்’ என்னும் பெயரில் நச்சுநிரல் எதிர்ப்பு பணிசெயல் முறைமையின் உறுப்பாகவே ஆயிற்று.

இவ்விலவசத்தின் தரம் எக்காலத்தும் ஒன்றாயிருக்கவில்லை. 2012இன் பிற்பகுதியில் ஜேர்மனியின் மக்டேபேர்க் நகரிலுள்ள ஏ.வி.-ரெஸ்ற் என்னும் சோதனை நிறுவனம் ‘எசென்ஷல்ஸ்’ மென்பொருளுக்குத் தனது சான்றிதழை வழங்க மறுத்தது. பின்வந்த ஆண்டுகளில் டிபென்டர் அதே நிறுவனத்தின் சோதனைகளில் விலைக்குரிய உற்பத்திகளோடு ஒப்பத் தேறிற்று. ஓராண்டிற் பெற்ற புள்ளிகள் மறு ஆண்டுக்குச் சான்றாகா என்பதும், பெயரை நோக்காது அண்மைக்காலச் சோதனை முடிவுகளை நோக்கவேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

மறைந்து நின்ற விலை

இலவசத்துக்கு உண்மையில் எவர் விலை கொடுக்கின்றார் என்னும் வினா 2020 ஜனவரியில் கூர்மையடைந்தது. அவாஸ்ற் கம்பனி தன் பாவனையாளர் எவ்வெத் தளங்களுக்குச் சென்றனர் என்னும் விபரங்களைச் சேகரித்து, ‘ஜம்ப்ஷொட்’ என்னும் துணைநிறுவனத்தின் வழியே பிறருக்கு விற்றமை பத்திரிகையாளர்களால் வெளிப்படுத்தப்பட்டது. சில நாட்களில் அத்துணைநிறுவனம் மூடப்பட்டது. 2014 முதல் 2020 வரை நிகழ்ந்த இவ்விற்பனை தொடர்பாக ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2024இல் 165 இலட்சம் டொலர் செலுத்துமாறு அக்கம்பனியைப் பணித்ததோடு, அத்தகைய விபரங்களை விளம்பரத் தேவைக்கு விற்பதற்கும் தடை விதித்தது. பிறர் பின்தொடர்வதைத் தடுக்குமென விளம்பரப்படுத்தப்பட்ட மென்பொருளே பின்தொடர்ந்தமை இதன் முரண்நகை.

வீட்டுப் பாவனையாளருக்கு இது அந்தரங்கம் பற்றிய பிரச்சினை. வணிக நிறுவனத்துக்கோ இது அதனினும் பெரிது. கொள்வனவு எழுதுவினைஞர் எந்த வழங்குநரின் தளத்தை எப்போது பார்வையிட்டார், முகாமையாளர் எவ்வங்கியை நாடினார் என்பன தொழில் இரகசியங்களாகும். நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் தன் பணியின் இயல்பினாலேயே கணனியிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கும் அதிகாரம் உடையது. வீட்டுத் திறப்பு முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைக்குமுன் அவர் எவ்வாறு சீவனம் நடத்துகின்றார் எனக் கேட்பது முறையன்றோ?

இலவசக் கம்பனிகளும் விலைக்கு விற்கும் கம்பனிகளும் வெவ்வேறு முகாம்கள் என்னும் எண்ணமும் இன்று பொருந்தாது. 2016இல் அவாஸ்ற் ஏறத்தாழ 130 கோடி டொலருக்கு ஏ.வி.ஜி.யை வாங்கிற்று. நோட்டன் உற்பத்திகளை விற்ற நிறுவனம் 2021இல் அவிராவையும், 2022இல் அவாஸ்ற்றையும் தன்னுடன் இணைத்து ‘ஜென் டிஜிற்றல்’ எனப் பெயர் மாற்றிக்கொண்டது. கடையில் நான்கு பெயர்களைக் கண்டு ஒப்பிடும் வணிகர் பெரும்பாலும் ஒரே உரிமையாளரின் நான்கு பலகைகளையே காண்கின்றார்.

விலை கொடுத்தவற்றின் தவறுகள்

விலைக்குரியவை குற்றமற்றவை என்பதும் வரலாற்றுக்கு ஒவ்வாது. 2010 ஏப்ரில் 21ஆந் தேதி மக்கபி நிறுவனம் அனுப்பிய புதுப்பித்தலொன்று, விண்டோஸ் எக்ஸ்.பி.யின் இன்றியமையாத கோப்பொன்றை நச்சுநிரலெனத் தவறாகக் கருதிற்று. பல நாடுகளிலும் நிறுவனக் கணனிகள் மீளமீளத் தாமே அணைந்து எரிந்தன. 2024 யூலை 19ஆந் தேதி கிறவுட்ஸ்ரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பித்தலொன்றால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் செயலிழந்ததாக மைக்ரோசொப்ற் மதிப்பிட்டது. விமான சேவைகளும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் உயர்ந்த கட்டணம் செலுத்திய பெரு நிறுவனங்களே. பிழையான கோப்பு ஒன்றரை மணித்தியாலத்துக்குள் மீளப்பெறப்பட்டபோதும், வீழ்ந்த கணனிகள் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையினாலேயே திருத்த வேண்டியதாயிற்று.

அரசியலும் இத்தெரிவினுள் நுழைந்தது. ரஷ்ய நிறுவனமாகிய கஸ்பேர்ஸ்கியின் உற்பத்திகளை 2017இல் ஐக்கிய அமெரிக்க அரசு தன் திணைக்களங்களிலிருந்து விலக்கிற்று. 2024இல் அந்நாட்டில் அவற்றின் விற்பனையும் புதுப்பித்தலும் தடை செய்யப்பட்டன. கம்பனி குற்றச்சாட்டுகளை மறுத்தது. எனினும், சந்தாப் பணம் செலுத்தியிருந்த வணிகர்கள் சில மாதங்களுள் வேறொன்றைத் தேடவேண்டிய நிலைக்குள்ளாயினர். விலை கொடுத்தமை தொடர்ச்சிக்கு உத்தரவாதமாகவில்லை.

2017ஆம் ஆண்டின் படிப்பினை

2017 மே 12ஆந் தேதி ‘வொன்னக்கிறை’ என்னும் கப்பம் கோரும் மென்பொருள் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணனிகளைப் பற்றிக்கொண்டது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் மூன்றிலொரு பங்கு மருத்துவ நிறுவனங்கள் பாதிப்புற்றன. நோயாளர் சந்திப்புகளும் சத்திரசிகிச்சைகளும் ஆயிரக்கணக்கில் கைவிடப்பட்டன. அம்மென்பொருள் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ற் மார்ச் 14ஆந் தேதியிலேயே, அதாவது ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்னரே, கட்டணமின்றி வழங்கியிருந்தது. அதனை இட்டவர் தப்பினர், இடாதவர் துன்புற்றனர்.

அதே ஆண்டு யூன் 27ஆந் தேதி உக்ரேயினில் பரவலாகப் பயன்பட்ட கணக்கியல் மென்பொருளொன்றின் புதுப்பித்தல் வழியே ‘நொட்பெற்யா’ புகுந்தது. டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பற் கம்பனி தனது 4,000 சேவையகங்களையும் 45,000 கணனிகளையும் பத்து நாட்களில் மீள நிறுவவேண்டியதாயிற்று. அதன் நட்டம் 25 முதல் 30 கோடி டொலர் வரை என மதிப்பிடப்பட்டது. அக்கம்பனியின் வலையமைப்பில் எவர் எதனை அணுகலாம் என்னும் விபரத்தைத் தாங்கிய சேவையகங்கள் உலகெங்கும் அழிந்துபோக, கானாவிலிருந்த ஒன்று மட்டும் தாக்குதல் வேளையில் மின்சாரம் தடைப்பட்டுத் தொடர்பற்றிருந்தமையால் பிழைத்தது. அவ்வொன்றிலிருந்தே கம்பனி மீண்டெழுந்தது. பெருஞ் செல்வமுடைய கம்பனியைக் காத்தது விலையுயர்ந்த மென்பொருளன்று. வலையமைப்பினின்றும் தற்செயலாகப் பிரிந்து நின்ற ஒரு படியே அதனைக் காத்தது. தற்செயலாக நிகழ்ந்ததைத் திட்டமிட்டுச் செய்வதே காப்புப் படி எடுத்தல் என்பதன் பொருளாகும்.

தெரிவின் அடிப்படைகள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வணிக நிறுவனமொன்று ‘இலவசமா, விலையா’ என்று வினவுமுன் வேறு சில வினாக்களுக்கு விடை காணவேண்டும் என்பது புலனாகின்றது.

முதலாவது, உரிமம். அம்மென்பொருள் வணிகப் பாவனைக்கு அனுமதிக்கப்பட்டதா என்பதை ஒப்பந்தத்தில் நேரடியாகப் படித்தறிதல் வேண்டும். வீட்டுக்கென இலவசமாக வழங்கப்பட்டதை அலுவலகத்தில் நிறுவுதல் சேமிப்பாகாது. அது பின்னர் செலுத்தவேண்டிய கடனாகும்.

இரண்டாவது, மேற்பார்வை. மூன்று கணனிகளையுடைய கடையில் உரிமையாளர் ஒவ்வொன்றையும் தாமே பார்வையிடலாம். முப்பது கணனிகளையுடைய அலுவலகத்தில், வேகம் குறைகின்றதென்று எழுதுவினைஞரொருவர் காவல் மென்பொருளை நிறுத்திவைத்தால் அதனை எவரும் அறியார். எல்லாக் கணனிகளின் நிலையையும் ஓரிடத்திலிருந்து காணவும் கட்டுப்படுத்தவும் இயலுமாயிருத்தலே விலைக்குரிய உற்பத்திகளின் மெய்யான சிறப்பு. 2022 மே மாதத்தில் மைக்ரோசொப்ற் தானே முந்நூறு ஊழியர் வரையுள்ள நிறுவனங்களுக்கென மாதத்துக்கு ஆளொன்றுக்கு 3 டொலர் கட்டணத்தில் வேறொரு டிபென்டர் சேவையை விற்கத் தொடங்கியமை இதனை உறுதிப்படுத்துகின்றது. இலவசமாகக் கொடுத்த காவலையே அது விற்கவில்லை; மேற்பார்வையையும், தாக்குதல் நிகழ்ந்தபின் அதன் வழித்தடத்தை ஆராயும் வசதியையுமே சேர்த்து விற்றது.

மூன்றாவது, பொறுப்பு. நள்ளிரவில் கணக்குப் பேரேடு திறக்கமுடியாதவாறு பூட்டப்பட்டால் எவரை அழைப்பது? இலவசப் பாவனையாளருக்கு இவ்வினாவுக்கு விடை பெரும்பாலும் இல்லை. தகுதியுள்ள ஊழியர் ஒருவர் நிறுவனத்திலேயே இருப்பின் இக்குறை நிரம்பும். இல்லையேல் விலை கொடுத்தே அதனை நிரப்புதல் வேண்டும். ஆயின், விற்பனையாளரின் ஆதரவு எந்நேரம், எம்மொழியில், எவ்வளவு விரைவில் கிடைக்கும் என்பதை வாங்குமுன்னரே உறுதிசெய்தல் நன்று.

நான்காவது, சுயாதீனச் சான்று. ஏ.வி.-ரெஸ்ற், ஒஸ்திரியாவின் இன்ஸ்புறுக் நகரிலுள்ள ஏ.வி.-கொம்பரற்றிவ்ஸ் ஆகிய சோதனை நிறுவனங்களின் அறிக்கைகளைப் பல காலப்பகுதிகளுக்குச் சேர்த்து நோக்குதல் வேண்டும். கண்டறியும் திறனோடு, நல்ல கோப்புகளைத் தவறாகக் குற்றஞ்சாட்டும் அளவும் அவற்றில் கவனிக்கத்தக்கது.

இவ்வினாக்களின்படி, சில கணனிகளை மட்டும் கொண்டு, பணிசெயல் முறைமையை ஒழுங்காகப் புதுப்பித்து, காப்புப் படிகளை வலையமைப்பினின்றும் பிரித்து வைக்கும் சிறு கடைக்கு முறைமையோடு வரும் இலவசக் காவல் போதியதாகலாம். வாடிக்கையாளர் விபரங்களையும் பிறர் பணத்தையும் கையாளும் நிறுவனமோ, கணனிகள் பெருகும் நிறுவனமோ மேற்பார்வைக்கும் ஆதரவுக்கும் விலை கொடுத்தல் தகும். திருத்தங்களும் காப்புப் படிகளும் இல்லாத நிறுவனம் இவ்விரண்டில் எதனைத் தெரியினும் அதனாற் பெரும் பயனில்லை.

முடிவுரை

றீப்பர் தோன்றிய நாள் முதலாக ஐம்பதாண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில், இலவசம் என்பது ஒருபோதும் விலையின்மையாக இருந்ததில்லை. சிலவேளை அது விளம்பரமாகவும், சிலவேளை தரவுகளின் சேகரிப்பாகவும், சிலவேளை தொண்டுள்ளம் படைத்தோரின் உழைப்பாகவும், சிலவேளை பணிசெயல் முறைமையின் விலையினுள் அடங்கியதாகவும் இருந்து வந்துள்ளது. அவ்வாறே விலை என்பதும் முழுமையான காப்பாக இருந்ததில்லை. கோகென் நிறுவிய எல்லை இரு சாராரையும் ஒருங்கே கட்டுப்படுத்துகின்றது. ஆதலின், அறிவுடைய வணிகர் மென்பொருளின் விலைச்சீட்டை இறுதியாகவே நோக்குவர். தமது நிறுவனத்தில் எது இழக்கத்தகாதது, அதனைக் காக்கும் பொறுப்பு எவருடையது, அது இழக்கப்பட்டால் மீள்வது எவ்வாறு என்பனவற்றையே அவர் முதலில் எழுதிவைப்பர். அவ்வெழுத்து இல்லாத அலுவலகத்தில் இலவச மென்பொருளும் விலைக்குரிய மென்பொருளும் ஒருங்கே காவலற்ற கதவுகளேயாம்.